உயிரியற் பட்டமும் உத்தியோகமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிற் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், உயிரியற் பிரிவில் தோற்றிய மாணவரின் இல்லங்களில் எழும் வினா ஒன்றேயாகும். மருத்துவ பீடத்திற்குப் புள்ளிகள் போதுமா என்பதே அது. போதுமெனின் வீடு மகிழ்கின்றது. போதாதெனின் சில நாட்கள் மௌனம் நிலவுகின்றது. அம்மௌனத்தின் பின்னரே விஞ்ஞான பீடத்தின் பெயர் அங்கு உச்சரிக்கப்படுகின்றது. இவ்வாறு ஏமாற்றத்தின் வழியாகத் தன் மாணவரைப் பெறுகின்ற பட்டநெறி உயிரியல் விஞ்ஞானத்தைப் போல் வேறொன்று இந்நாட்டில் இல்லையெனலாம்.

இந்நிலையைத் தனிப்பட்ட மாணவரின் மனக்குறையாகவோ பெற்றோரின் பேராசையாகவோ மட்டும் விளக்கிவிட முடியாது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆராய்ந்து அதனடிப்படையில் இப்பட்டத்தின் பெறுமதியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பட்டத்தின் பெறுமதியை மூன்று அளவைகள் கொண்டு நோக்கலாம். அது மாணவனுக்கு எதனைக் கற்பிக்கின்றது என்பது ஒன்று. அவனுக்கு எத்தொழிலைப் பெற்றுத்தருகின்றது என்பது இரண்டாவது. அவன் கற்றதைச் சமுதாயம் எவ்வாறு பயன்கொள்கின்றது என்பது மூன்றாவது. பொதுவாக இரண்டாவது மட்டுமே பேசப்படுகின்றது. ஆயின் அவ்விரண்டாவது மூன்றாவதிலேயே தங்கியுள்ளது என்பதை வரலாறு உணர்த்துகின்றது.

கோப்பியும் முத்தும்

இலங்கையில் நவீன உயிரியல் பல்கலைக்கழகத்திற் பிறக்கவில்லை, தோட்டத்திற் பிறந்தது. 1821ஆம் ஆண்டிற் பேராதனையில் அரச தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. அதன் முதல் நோக்கம் பேரரசிற்குப் பயன்தரும் பயிர்களை ஆராய்வதாகும். 1849 முதல் மூன்று தசாப்தங்கள் அதன் பொறுப்பிலிருந்த துவைற்ஸ், இலங்கைத் தாவரங்களை வகைப்படுத்தி நூலாக்கினார். அவருக்குப் பின் வந்த திறைமன் அப்பணியை விரிவுபடுத்தினார். இவர்களின் ஆய்வுகள் இன்றும் ஆய்வாளராற் பயன்படுத்தப்படுகின்றன.

1869ஆம் ஆண்டிற் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்பகுதியிற் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பூங்காவிலிருந்து இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்ட மாதிரியை ஆராய்ந்த பேர்க்லி, அதனைப் புதியதொரு பங்கசாக இனங்கண்டு ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். தோட்டத்துரைமார் இதனை முதலிற் பொருட்படுத்தவில்லை. கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால் அவர்கள் மேன்மேலும் காடழித்துப் பயிரிட்டனர். 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் 2,75,000 ஏக்கரை அண்மித்தது. விளைச்சலோ ஏக்கருக்கு ஏக்கர் குறைந்துகொண்டே வந்தது.

1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய இலங்கைக்கு வந்தார். பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவுவதையும், அவை ஈரமான இலையில் முளைத்து உட்புகுவதையும் அவர் சோதனை வாயிலாக நிறுவினார். இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமுழுவதும் நட்டமையே நோய் பெருகக் காரணமென்பதையும் சுட்டிக்காட்டினார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்தது உடனடி மருந்தொன்றை. அவர் அளித்ததோ விளக்கம். 1882இல் அவர் திரும்பிச் சென்ற பின் சில ஆண்டுகளிற் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. அதன் சுமையை இலண்டனிலிருந்த பங்குதாரர் மட்டும் தாங்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் வேலையையும் நிலுவைக் கூலியையும் இழந்தனர்.

வடமேற்குக் கடலிலும் இதே கதை வேறோர் உருவில் நிகழ்ந்தது. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்தமையால் 1902இல் லிவர்ப்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். முத்துச்சிப்பிப் படுகைகள் பற்றிய அவரது அறிக்கை 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. தென்னாசியக் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய முதன்மையான ஆய்வுகளுள் அதுவும் ஒன்றாகும். எனினும் 1906இல் முத்துப்படுகைகள் ஒரு தனியார் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின்னர் அக்கம்பனிக்கு முத்துக்குளிப்பு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. குடியேற்ற அரசு உயிரியலாளனை நெருக்கடி நேர்ந்தபின் அழைத்தது; நெருக்கடி தீர்ந்ததும் அல்லது தீராததும் அவனை மறந்தது. அன்றியும் அழைக்கப்பட்டவர் யாவரும் வெளிநாட்டவர். இந்நாட்டு இளைஞருக்கு அத்துறையிற் பயிற்சியளிக்க வேண்டுமென்ற எண்ணம் அக்காலத்தில் எழவில்லை.

மருத்துவத்தின் நிழலில்

இந்நாட்டு இளைஞருக்கு உயிரியல் முதன்முதலில் மருத்துவத்தின் வழியாகவே வந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் ஆகிய துறை நூல்கள் அவர் முயற்சியால் தமிழாக்கம் பெற்றன. உயிரியற் கலைச்சொல்லாக்கத்தின் தொடக்கத்தை இங்குக் காணலாம். ஆயின் அம்முயற்சி அவர் நாடு திரும்பியபின் நிலைக்கவில்லை. 1870இற் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது.

1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1906இற் பல்கலைக்கழகச் சங்கத்தை அமைத்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோரின் இடையறாத முயற்சியின் பயன் அது. அங்குத் தாவரவியலும் விலங்கியலும் கற்பிக்கப்பட்டன. மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். இவ்விரு பாடங்களின் விரிவுரை மண்டபங்களை நிரப்பியோரிற் பெரும்பகுதியினர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லுமுன் விஞ்ஞான அடிப்படை பெற வந்தோராவர். பாடத்திட்டம் இலண்டனில் வகுக்கப்பட்டது. வகுப்பறை மருத்துவத்திற்கு வாயிலாக அமைந்தது. உயிரியலை உயிரியலுக்காகக் கற்றவர் அன்று மிகச் சிலரே.

அச்சிலருக்குத் தொழில் எங்கிருந்தது என்பதும் நோக்கத்தக்கது. 1912இல் விவசாயத் திணைக்களமும், 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும், 1929இல் தெங்கு ஆராய்ச்சித் திட்டமும் தோன்றின. இறப்பர் ஆராய்ச்சி அவற்றிற்கும் முன்னதாகவே தொடங்கியிருந்தது. ஆயின் உயர் ஆராய்ச்சிப் பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியர் வசமிருந்தன. உள்நாட்டுப் பட்டதாரிக்கு எஞ்சியது பாடசாலையே. அவன் கற்பித்த மாணவருள் மிகச் சிறந்தோர் மருத்துவராகினர். அடுத்த நிலையிலிருந்த சிலர் அவனைப் போன்றே ஆசிரியராகினர். இச்சுழற்சி அன்று தொடங்கியதாகும்.

1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நாட்டை மலேரியா தாக்கியது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் ஈரவலய ஆறுகள் ஓட்டமற்ற குட்டைகளாகின. அக்குட்டைகளில் அனொபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகியது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். நோயாளிக்குக் கொயினா கொடுப்பது மருத்துவன் பணி. ஆற்றுநீர் வற்றினால் எந்நுளம்பு எங்கு முட்டையிடும் என்பதை முன்னரே கூறக்கூடியவன் உயிரியலாளன். இவ்வேறுபாட்டை நாடு பெரும் விலைகொடுத்தே அறிந்தது.

சுதந்திரமும் விரிவும்

1942 யூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது விஞ்ஞான பீடம் தனிப் பீடமாக அமைந்தது. மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1961இற் பேராதனையிலும் விஞ்ஞான பீடம் தொடங்கப்பட்டது. பாடசாலைகளில் விஞ்ஞானக் கல்வி படிப்படியாகச் சுயமொழிக்கு மாறியது. இதனால் ஆங்கிலம் அறியாத கிராமப்புற மாணவனும் விஞ்ஞானம் கற்க வழி பிறந்தது. பல்கலைக்கழக விஞ்ஞான விரிவுரைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. தமிழிற் கற்றுத் தேறிய மாணவன் முதலாம் ஆண்டில் விலங்கியலையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்கவேண்டிய நிலை அன்று உருவாயிற்று. அது இன்றும் மாறவில்லை.

இக்காலப்பகுதியில் உயிரியல் ஆய்வு சிறந்த பயன்களைத் தந்தது என்பதை மறுத்தல் இயலாது. பத்தலகொடையில் 1952இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1958இல் வெளியிடப்பட்ட எச்-4 நெல்லினம் நாடெங்கும் பரவி விளைச்சலை உயர்த்தியது. 1970களின் தொடக்கத்தில் தென்னையோலையைத் துளைத்தழிக்கும் வெளிநாட்டு வண்டொன்று தென்னந்தோட்டங்களிற் பரவியபோது, அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்டு வளர்த்து விடப்பட்டது. நஞ்சு தெளியாமலே பீடை அடங்கியது. மலேரியா நோயாளர் தொகை 1963இல் 17ஆகக் குறைந்தது. அவ்வெற்றியின் பின் கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. பணி வெற்றிபெற்றவுடன் பணியாளரைத் தேவையற்றோராகக் கருதும் வழக்கத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புள்ளிகளின் அரசியல்

1971 ஏப்பிரல் கிளர்ச்சியின் பின்னணியில் வேலையற்ற இளைஞரின் விரக்தி இருந்தது. அதே ஆண்டில் டட்லி சியேர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் குழு, கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலிருந்த வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டியது. அக்காலத்தில் வேலையின்மையால் மிகவும் பாதிக்கப்பட்டோர் கலைப் பட்டதாரிகளே. விஞ்ஞான ஆசிரியருக்குப் பாடசாலைகளிற் பற்றாக்குறை நிலவியமையால் உயிரியற் பட்டதாரியின் நிலை ஓரளவு மேலாயிருந்தது. அவ்வாசிரியப் பற்றாக்குறையே பட்டத்தின் உண்மைக் குறைபாட்டை மறைத்து நின்றது எனலாம்.

தரப்படுத்தல் இதே ஆண்டுகளில் வந்தது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவ பீடம் புகுவதற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. உயிரியல் விஞ்ஞானத்திற்கு இருசாராருக்கும் வேண்டப்பட்ட புள்ளி இதனினும் மிகக் குறைவு. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. இதனால் மருத்துவத்திற்குத் தகுதி பெற்றும் இடம் பெறாத தமிழ் மாணவர் பலர் விஞ்ஞான பீடங்களை நாடினர். தாவரவியலும் விலங்கியலும் அவர்களுக்கு அநீதியின் நினைவுச்சின்னங்களாயின. தரப்படுத்தல் தமிழ் இளைஞரின் அரசியலை மாற்றியதைப் பலரும் எழுதியுள்ளனர். அது ஓர் அறிவுத்துறையின் மதிப்பையும் தாழ்த்தியது என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. விருப்பமின்றி வந்தோரின் புகலிடம் என்ற பெயரை ஒரு துறை பெற்றுவிடின், விரும்பி வருவோனும் அதற்கு விளக்கம் கூறவேண்டியவனாகின்றான்.

வடக்கும் கிழக்கும்

1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையிலே தொடங்கிப் பின்னர் திருநெல்வேலிக்கு மாறியது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்கில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பனை, களப்பு, கண்டற்காடு, பவளப்பாறை, வரண்டவலயக் குளம் ஆகியன சூழ்ந்த நிலத்தில் உயிரியல் கற்கும் வாய்ப்பு அன்று முதன்முறையாகத் தமிழ்ப் பகுதி மாணவருக்குக் கிடைத்தது.

அவ்வாய்ப்பு முழுமையாக நிறைவேறுமுன் போர் வந்தது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் எரிபொருளும் இரசாயனப் பொருள்களும் அரிதாயின. கடலுக்குச் செல்லத் தடை. காட்டிற்குச் செல்ல அச்சம். களஆய்வை உயிராகக் கொண்ட துறைக்குக் களமே மூடப்பட்டது. 1995இன் இடப்பெயர்வு பல்கலைக்கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. விரிவுரையாளர் பலர் புலம்பெயர்ந்தனர். இத்தனைக்கும் நடுவே பட்டநெறிகள் தொடர்ந்து நடாத்தப்பட்டமை போற்றத்தக்கது. எனினும் இரு தசாப்தங்களாகத் தடைப்பட்ட களஆய்வின் இழப்பை விரிவுரைக் குறிப்புகளால் ஈடுசெய்ய முடியவில்லை.

பட்டதாரியின் இன்றைய நிலை

பட்டநெறியின் அமைப்பு நெடுங்காலமாகப் பெரிதும் மாறாதது. பொதுப்பட்டம் மூன்றாண்டுகளைக் கொண்டது. சிறப்புப்பட்டம் நான்காண்டுகளைக் கொண்டது. முதலாண்டுகளின் பெறுபேற்றால் ஒரு சிலரே சிறப்புப்பட்டத்திற்குத் தெரிவாகின்றனர். அவர்களே ஆய்வேடு எழுதும் வாய்ப்பைப் பெறுகின்றனர். பெரும்பான்மையினர் தாமாக ஓர் ஆய்வினைச் செய்து பார்க்காமலே பட்டம் பெற்று வெளியேறும் நிலை நெடுங்காலம் நிலவியது.

வெளியே வந்தவனுக்கு எதிர்ப்படும் தடை யாது? நோயாளியின் குருதியைச் சோதிக்கும் மருத்துவ ஆய்கூடப் பதவிக்குத் தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். விவசாயத் துறைப் பதவிகளில் விவசாயப் பட்டதாரி முன்னிற்கின்றான். கால்நடைத் துறை மிருக வைத்தியருக்குரியது. உயிரோடு தொடர்புடைய ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு வாயிற்காவலர் உளர். உயிரியலாளனுக்கென இருப்பவை இலங்கை விஞ்ஞான சேவையின் சில பதவிகளும், ஆராய்ச்சி நிறுவனங்களின் சில வெற்றிடங்களும், பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகளுமாகும். ஏனையோர் ஆசிரியராகவோ, மருந்துக் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளாகவோ, அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ ஆகின்றனர். நுணுக்குக்காட்டியிற் பயின்ற ஒருவர் பிரதேச செயலகத்திற் படிவங்களை நிரப்புதல் இழிவன்று. ஆயின் அது நாட்டின் செல்வத்தை வீணாக்குதலாகும்.

புதிய வாயில்கள் திறக்கவில்லை என்றுங் கூறுவதற்கில்லை. 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், நீர்வாழ் வளங்களை ஆராயும் தேசிய நிறுவனமான நாராவும் தோன்றின. 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெருந் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை வேண்டியது. அதன்வழி உயிரியலாளனின் கையொப்பத்திற்குச் சட்டப் பெறுமதி கிடைத்தது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதன் பின்னே நுளம்புகளைத் தொடர்ந்து கண்காணித்த பூச்சியியலாளரின் நெடுங்கால உழைப்பு உள்ளது. 2020இற் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழக ஆய்கூடங்கள் பிசீஆர் பரிசோதனைகளில் ஈடுபட்டன. மூலக்கூற்று உயிரியல் கற்பதன் பயன் யாதென வினவியோருக்கு அது விடையாயிற்று.

ஆயினும் பழைய வழக்கம் மறையவில்லை என்பதை அடுத்த ஆண்டே காட்டியது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடைசெய்யப்பட்டது. மண்ணும் பயிரும் ஓரிரவில் மாறுவன அல்லவென விவசாய, உயிரியல் அறிஞர் பலர் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரளவில் தடை கைவிடப்பட்டபோது பெரும்போகப் பயிர்களின் காலம் கடந்திருந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விவசாயிகள் மஞ்சளித்த வயல்களைக் கண்டனர். மார்ஷல் வார்ட்டின் அறிக்கைக்கும் இதற்குமிடையில் ஏறத்தாழ 140 ஆண்டுகள் கடந்துள்ளன. அன்று அறிவு வெளிநாட்டவனிடம் இருந்தது. இன்று அது உள்நாட்டிலேயே உள்ளது. கேட்கப்படாமையில் மட்டும் மாற்றமில்லை.

மதிப்பீடு

தொடக்கத்திற் கூறிய மூன்று அளவைகளால் இனி நோக்கலாம். கற்பிக்கும் அறிவின் அளவில் இப்பட்டம் குறைந்ததன்று. எச்-4 நெல்லும் தென்னை வண்டின் ஒழிப்பும் மலேரியாவின் நீக்கமும் அதற்குச் சான்றுகளாம். தொழில்வாய்ப்பின் அளவில் அது நலிந்துள்ளது. அந்நலிவுக்குக் காரணம் மூன்றாவது அளவையிலே உள்ளது. உயிரியலாளனை நிலையான ஆலோசகனாகக் கருதாது, நெருக்கடியில் மட்டும் தேடும் சமுதாயம் அவனுக்கு நிலையான பதவியையும் உருவாக்காது. மருத்துவனுக்கும் பொறியியலாளனுக்கும் அரசு தனிச் சேவைகளை வகுத்தது. உயிரியலாளனின் தேவை நெல்லிலும் மீனிலும் நீரிலும் காட்டிலும் சிதறிக் கிடந்தமையால் எத்திணைக்களமும் அவனை முழுமையாகத் தனதென உரிமை கொள்ளவில்லை.

பல்கலைக்கழகங்களும் இதிற் பொறுப்பற்றனவல்ல. பாடத்திட்டம் நெடுங்காலம் இலண்டனை நோக்கியது; பின்னர் மேற்படிப்பிற்கான வெளிநாட்டுப் புலமைப்பரிசிலை நோக்கியது. யாழ்ப்பாணக் களப்பில் இறால் ஏன் குறைகின்றது, கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்திற்கு எவ்வாய்வு தேவை, 2018இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட படைப்புழுவிலிருந்து சோளத்தைக் காப்பது எவ்வாறு என்னும் வினாக்கள் விரிவுரை மண்டபத்தின் மையத்திற்கு வரவேண்டும். பொதுப்பட்ட மாணவனும் ஒரு வினாவையாவது தானே எழுப்பி, களத்திற் சென்று விடைகாணும் பயிற்சியைப் பெறவேண்டும். அவ்விடையைத் தமிழில் விவசாயிக்கும் மீனவனுக்கும் எடுத்துரைக்கும் ஆற்றலும் வேண்டும். கிறீன் தொடங்கி இடைநின்ற பணி அது.

மருத்துவத்திற்குப் புள்ளி போதாத மாணவன் தோல்வியுற்றவனல்லன். அவன் வந்து சேர்ந்த துறை இந்நாட்டின் உணவையும் உடல்நலத்தையும் பலமுறை காத்த துறையாகும். அவ்வுண்மையை அவனுக்கு எடுத்துக்கூறுவது விரிவுரையாளரின் கடன். அவன் கற்றதைக் காலத்திற் கேட்டுப் பயன்கொள்வது அரசின் கடன். கோப்பி இலையிற் படிந்த செம்மஞ்சட் பொடியை எவரும் பொருட்படுத்தாத காலம் ஒன்று இருந்தது. அதன் விலையைச் செலுத்தியோர் அந்தத் தோட்டங்களில் உழைத்த கைகளுக்குரியோரே என்பதை இவ்விரு சாராரும் மறத்தலாகாது.